போட்டால் என்ன கெட்டுப்போகும்?

"ஒரே அசதியா இருக்கு டாக்டர், ஒரு சத்து ஊசி போட்டு விடுங்க." தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கிளினிக்குகளில் இந்தக் குரல் எழாத நாள் குறைவு. அதே வேண்டுகோள் இப்போது நகரத்து அழகு நிலையங்களுக்கும் 'வெல்னெஸ்' மையங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, பி12, பி-காம்ப்ளெக்ஸ், வைட்டமின் சி, பயோட்டின் எல்லாம் கலந்து ட்ரிப்ஸாக ஏற்றுகிறார்கள். சுறுசுறுப்பு வரும், எடை குறையும் என்று சொல்கிறார்கள். எடைக் குறைப்புக்கான செமாக்ளுடைடு, டிர்செபடைடு ஊசிகள் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தபின், ஊசியால் இளைக்கலாம் என்ற பேச்சு வீடுதோறும் நுழைந்துவிட்டது. அவை பசியைக் குறைக்கும் ஹார்மோன் வழி மருந்துகள். பக்க விளைவுகளும் உண்டு. பசியைக் குறைக்கும் குணம் வைட்டமினுக்குக் கிடையாது.

இதைச் சொன்னால் வரும் பதில் ஒன்றுதான். "பலன் இல்லாவிட்டாலும் போகட்டும், கெடுதல் இல்லையே? தண்ணீரில் கரைகிற வைட்டமின், மிச்சம் சிறுநீரில் போய்விடும்." படித்த மருத்துவர்களே இப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு வழக்கு இந்தச் சமாதானத்தோடுதான்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பி12 உயிர் காக்கும் பொருள். பெர்னிஷியஸ் அனீமியா என்ற ரத்தசோகை ஒரு காலத்தில் மரண தண்டனையாக இருந்தது. ஈரலை உணவாகக் கொடுத்து அதைக் குணமாக்கியதற்காக விப்பிள், மைனாட், மர்பி ஆகியோர் 1934இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஈரலில் இருந்த மருந்து பி12தான் என்பது 1948இல் தெரியவந்தது. முழுச் சைவர்கள், பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள், இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்குப் பற்றாக்குறை வரலாம். கால் மரத்துப்போய், நடை தள்ளாடும் நிலைக்கு வந்தவருக்கு ஊசியைத் தாமதிக்கவே கூடாது. பற்றாக்குறை இல்லாதவருக்கும் பலன் உண்டோ என்று 1973இல் 28 பேரிடம் நடந்த ஒரு சிறு பிரிட்டிஷ் சோதனை, பி12 ஊசிக்குப் பின் மனமும் உடம்பும் தேவலை என்று சிலர் உணர்ந்ததாகச் சொன்னது. அரை நூற்றாண்டாக அந்தச் சிறு சோதனையைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மற்றபடி, பி வைட்டமின்களில் கலோரி இல்லை. சோற்றிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் ஆற்றலை எடுக்க உதவும் கருவிகள் அவை. ஒரு அடுப்புக்கு ஒரு ஊதாங்குழல் போதும்; நாலு ஊதாங்குழல் வைத்தால் தீ நாலு மடங்காகாது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் பி12 போதும். வழக்கமான ஊசி ஒன்றில் இருப்பது 1000. எடை குறையும் என்று போடும் வைட்டமின் ஊசியில் சேர்க்கும் கோலின் முதலியவற்றின் கதை இன்னும் பழையது. கோலின் கிடைக்காத விலங்குகளின் ஈரலில் கொழுப்பு சேர்வதையும், அதைக் கொடுத்தால் கரைவதையும் 1930களில் சார்லஸ் பெஸ்ட் குழுவினர் கண்டார்கள். பற்றாக்குறையால் ஈரலில் சேர்ந்த கொழுப்பு அது. நம் இடுப்பில் சேர்ந்ததற்கும் அதற்கும் உறவில்லை.

பிறகு ஏன் சிலர் இளைக்கிறார்கள்? ஊசியோடு கையில் ஒரு உணவுப் பட்டியலும் தருகிறார்களே! மும்பையில் நெடுங்காலம் பணியாற்றிய ஆல்பர்ட் சிமியன்ஸ் என்ற மருத்துவர், 1954இல் 'லான்செட்' இதழில் ஹெச்சிஜி ஹார்மோன் ஊசியோடு நாளுக்கு 500 கலோரி உணவு என்று ஒரு வைத்தியம் எழுதினார். உலகமே அதன் பின்னால் ஓடியது. பின்னால் வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரு தரப்பும் ஒரே அளவில்தான் இளைத்தன. பட்டினி கிடந்தது நோயாளி, பெயர் வாங்கியது ஊசி.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். எனக்குப் பொறுக்காதது வேறு. இந்த ஊசி, கேட்க வேண்டிய கேள்வியை மூடிவிடுகிறது.

என் அத்தை இரண்டு வருடம் மாதாமாதம் சிவப்பு நிறச் சத்து ஊசி போட்டுக்கொண்டார். போட்ட இரண்டு நாள் தெம்பாக இருக்கும் என்பார். அது பொய் இல்லை. மைக்ரேன் தலைவலிக்கான சோதனைகளை 2000இல் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தே இல்லாத மாத்திரையால் 25.7 சதவீதம் பேருக்கும், மருந்தே இல்லாத ஊசியால் 32.4 சதவீதம் பேருக்கும் வலி தணிந்திருந்தது. ஊசி குத்துவதற்கே ஒரு பலம் உண்டு. அந்த இரண்டு நாள் தெம்பில் அத்தை மறுபடி வயல் வேலைக்குப் போனார். கடைசியில் மூச்சு வாங்கி மயங்கி விழுந்த பிறகு பார்த்தால் ஹீமோகுளோபின் 6. கர்ப்பப்பைக் கட்டியால் மாதாமாதம் ரத்தம் கொட்டியிருக்கிறது. அவருக்கு வேண்டியிருந்தது இரும்புச்சத்தும் ஒரு ஸ்கேனும். இரண்டு வருடத்தில் ஒருவரும் "மாதவிலக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே ஊசி போட்டாகிவிட்டது.

அத்தை ஒருவர் கதை அல்ல இது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த நிலை என்றால், அசதிக்கு முதல் பதில் ரத்தப் பரிசோதனையாக இருக்க வேண்டாமா?

அதோடு நிற்பதில்லை. இந்த ஊசி பரிசோதனையையே கெடுக்கிறது. பி12 போட்டபின் ரத்தம் எடுத்தால் அளவு உயர்ந்துதான் காட்டும். உண்மையிலேயே பற்றாக்குறை இருந்ததா, எதனால் வந்தது என்று பிறகு கண்டுபிடிப்பது கடினம். பயோட்டின் இன்னும் மோசம். அசதியும் எடை கூடுதலும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தைராய்டு குறைவை. அதிக அளவு பயோட்டின் உடம்பில் இருந்தால், தைராய்டு குறைந்தால் உயர வேண்டிய டிஎஸ்ஹெச், சில ஆய்வக முறைகளில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். நோய் இருப்பவரை 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் சோதனையும் இப்படிப் பிழையாகலாம் என்று அமெரிக்க எஃப்டிஏ 2017இல் எச்சரித்தது. அதில் ஒரு மரணமும் குறிப்பிடப்பட்டிருந்தது.

ஊசி என்ற பழக்கத்தின் விலையையும் சொல்லியாக வேண்டும். 2009இல் குஜராத்தின் மொடாசாவில் ஹெபடைடிஸ் பி, 2018இல் உத்தரப்பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் எச்ஐவி என, பலமுறை பயன்படுத்திய ஊசிகளால் நோய் பரவியது. நம் ஊரில் இன்று புது ஊசிதான் பிரிக்கிறார்கள் என்று சொல்லலாம். தேவையே இல்லாத ஒரு குத்தலுக்கு ஏன் எந்த ஆபத்தையும் ஏற்க வேண்டும்? பி12 பற்றாக்குறை உறுதியானவர்களில் பெரும்பாலோருக்கே 1000 மைக்ரோகிராம் மாத்திரை போதுமானதாக இருக்கிறது.

ஆகவே, வாசகரே, அசதி என்று போகும்போது ஊசி கேட்காதீர்கள். ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச், சர்க்கரை, பி12 நாலையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கத்தைப் பற்றியும் மாதவிலக்கைப் பற்றியும் மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். கால் மரத்து நடை தள்ளாடும் நிலை இல்லையென்றால், ரத்தம் எடுத்து முடிவு வரும் வரை எந்த வைட்டமினும் ஏற்ற விடாதீர்கள்.