டியூக் தெருவின் சீமாட்டி

அவள் பேச்சைக் கேளுங்கள். எதிரில் வேல்ஸ் இளவரசரே நிற்கட்டும், பாத்திரம் தேய்க்கும் சிறுபெண் நிற்கட்டும், லூயிசாவின் நாவில் துள்ளுவது அதே காக்னி லண்டன் பேச்சுதான். 1976, 1977இல் பிபிசி ஒளிபரப்பிய ‘தி டச்சஸ் ஆஃப் டியூக் ஸ்ட்ரீட்’ தொடரை நினைத்தாலே எனக்கு முதலில் கேட்பது நாயகி லூயிசாவாக வரும் ஜெம்மா ஜோன்ஸின் அந்தக் குரல்தான். சமையற்கட்டில் தொடங்கியவள் பென்டிங்க் விடுதிக்கே சொந்தக்காரி ஆகிறாள். பட்டும் முத்தும் வந்து சேர்கின்றன. பேச்சுக்கு மட்டும் எந்த மெருகும் பூசிக்கொள்வதில்லை. அத்தனை சொகுசுக்கும் நடுவே தெருவாசம் மாறாத ஒரு சொல் வந்து விழும்போது எத்தனை அழகு!

முதல் பகுதியை நிதானமாகப் பாருங்கள். ஆண்டு 1900. பெண்ணுக்கு உயர்ந்த சமையல் வராது என்று நம்பும் பிரெஞ்சுச் சமையற்காரர்; அவரிடமே தொழில் கற்றுக்கொள்ள வந்து நிற்கும் இளம்பெண். இங்கே ஜெம்மா ஜோன்ஸ் அழகியாகத் தோன்ற முயல்வதே இல்லை. வேலையில் தோய்ந்த முகத்துக்குத் தானாக வரும் பொலிவே போதும் என்று விட்டுவிடுகிறார். அந்த நம்பிக்கை என்னைக் கட்டிப்போடுகிறது. லூயிசாவுக்கு முன்மாதிரி, ஜெர்மின் தெருவில் கேவண்டிஷ் விடுதியை நடத்திய ரோசா லூயிஸ். ஏழாம் எட்வர்டையே தன் கைமணத்தால் மயக்கிய அந்தப் பெண்ணின் தொழில் கர்வத்தை, தொடரைப் படைத்த ஜான் ஹாக்ஸ்வொர்த் சிந்தாமல் எடுத்து வந்திருக்கிறார்.

விடுதியின் பணியாளர்களிடம் வருவோம். நான் அதிக நேரம் தங்குவது இவர்களிடம்தான். வாசல்காவலர் ஸ்டாரும் அவரது நாய் ஃப்ரெடும் ஒரே ஆள் மாதிரி. வந்தவர் எப்படிப்பட்டவர் என்பதில் ஃப்ரெடின் கணிப்பை ஸ்டார் முழுமையாக நம்புகிறார். ஸ்டாராக வரும் ஜான் கேட்டர் அதைச் சிரிப்பு மூட்டுவதற்காகச் சொல்வதில்லை. அனுபவசாலி ஒருவரின் தீர்ப்பை எடுத்துச் சொல்லும் மரியாதையோடு சொல்கிறார். நயம் அங்கேதான் இருக்கிறது. முதிய பரிசாரகர் மெரிமனாக வரும் ஜான் வெல்ஷோ, ஒரு தட்டைக் கொண்டுவந்து வைப்பதற்குள் ஒரு நூற்றாண்டின் பழக்கவழக்கத்தையே நடந்து காட்டிவிடுகிறார். அவர் அறையைக் கடக்கும்வரை கேமராவும் பொறுத்திருக்கிறது. அந்தப் பொறுமைக்கு ஒரு வணக்கம்.

சார்லி டிரெல்லாக வரும் கிறிஸ்டோபர் கேசனோவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. செல்வக் குடியில் பிறந்த, இனிமையான, சற்றே பொறுப்பற்ற அந்த மனிதனிடம் லூயிசாவுக்கு உள்ள காதல் திருமணத்தில் முடிவதில்லை. விடுதிதான் அவள் உயிர் என்பது இருவருக்கும் தெரியும். அவன் வந்தால் அவள் கிண்டல் கூடுகிறது, அதட்டல் கூடுகிறது. பெருமூச்சும் கண்ணீரும் இல்லாமலேயே, அந்த அதட்டலுக்குள் எவ்வளவு பிரியம் என்பதை ஜெம்மா ஜோன்ஸ் நமக்குப் புரியவைத்துவிடுகிறார்.