ஒரு பெயரும் பல ஔவையரும்

ஒரே பெயரைத் தாங்கிய புலவர் பலர் வெவ்வேறு காலங்களில் வாழ்ந்தமை தமிழிலக்கிய வரலாற்றிற் புதுமையன்று. நக்கீரர், கபிலர், பட்டினத்தார் ஆகிய பெயர்கள் யாவும் இச்சிக்கலை உடையன. ஆயினும், ஔவையார் பற்றி எழுந்த நூல்களிலேயே அதன் விளைவு மிகத் தெளிவாகப் புலப்படுகின்றது.

சைமன் காசிச்செட்டியின் ‘தமிழ் புளூட்டாக்’ 1859இலும், ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886இலும் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தன. இரண்டும் பெயர்களை நிரல்படுத்தி வரலாறு கூறும் நூல்கள். இவ்வமைப்பில் ஒரு பெயருக்கு ஒரு வாழ்வு என்பது எளிதில் நேர்ந்துவிடும். இதற்காக அவ்வாசிரியர்களைக் குறைகூறுதல் நேர்மையன்று. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டது 1894இல். குறுந்தொகை அச்சேறியது 1915இல். அவர்கள் கைக்கெட்டியவை பெரும்பாலும் நீதிநூல்களும் கர்ணபரம்பரைக் கதைகளுமே.

சங்கப் பாடல்கள் அச்சேறிய பின்னரும் ஒரே ஔவை என்ற எண்ணம் எளிதில் மறையவில்லை. அதியமான் நெல்லிக்கனி ஈந்தமையைக் கூறும் புறநானூற்றின் 91ஆம் பாட்டு, பல நூற்றாண்டுகளை இணைக்கும் பாலமாயிற்று; கனி உண்டவர் நெடுங்காலம் வாழ்ந்தார் என்றால் காலவேறுபாடு இடராகாதன்றோ! 1953இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்த திரைப்படம் மூதாட்டி உருவத்தை மக்கள் மனத்தில் நிலைநிறுத்தியது.

இக்கொள்கையை மறுக்க நெடிய வாதம் வேண்டியதில்லை. நல்வழியின் இறுதிச் செய்யுள் தேவார மூவரின் தமிழையும் திருவாசகத்தையும் சுட்டுகின்றது. அதனைப் பாடியவர் அதியமானுக்குத் தூது சென்றவராக இருத்தல் இயலாது. ஆகவே ஆய்வாளர் ஔவையரைப் பிரித்தனர். இருவர் என்றார் சிலர். மூவர் என்றார் சிலர். அறுவர் வரை எண்ணியோரும் உளர். ஆத்திசூடியையும் விநாயகர் அகவலையும் ஒருவரே பாடினாரா என்பது இன்றும் கருத்து வேறுபாட்டுக்குரியது.

பிரித்தமை சரியே. ஆனால், பிரித்தெழுதிய நூல்கள் பலவும் எண்ணிக்கையை நிறுவியதும் அமைந்துவிடுகின்றன என்பதே எனது குறை. சங்க ஔவைக்குத் தனி அதிகாரம் வகுத்த பின்னரும், பின்வந்த மூதாட்டியின் நிழல் அவர்மீது படிந்தே கிடக்கின்றது. புறநானூற்றின் 89ஆம் பாட்டிற் பேசுபவள் மைதீட்டிய கண்ணும் ஒளிபொருந்திய நெற்றியும் உடைய விறலியாக விளிக்கப்படுகின்றாள். பாட்டிற் பேசுபவரே பாடியவர் என எங்கும் கொள்ளல் ஆகாது. எனினும் இப்பாட்டில் முதுமைக்கு இடமில்லை. அதியமான் இறந்தபின் பாடிய 235ஆம் பாட்டோ, அவனோடு கள்ளைப் பகிர்ந்துண்ட நாள்களை நினைந்து கலங்குகின்றது. ஒழுக்கம் போதிக்கும் பாட்டியை மனத்திற்கொண்டு எழுதுவோர் அக்கள்ளை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

இதனினும் பெரிய இழப்பொன்றுண்டு. சங்க ஔவை பெயரிலுள்ள 59 பாடல்களுள் 33 புறநானூற்றைச் சார்ந்தவை. எஞ்சிய 26உம் அகப்பாடல்கள்: குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. அகத்திணைத் தலைமக்கள் இயற்பெயர் சுட்டப்பெறார். ஆதலால் ‘யார் இவர், எக்காலத்தவர், யாரைப் பாடினார்’ என்று வினவும் நூலுக்கு இப்பாடல்கள் சான்றாக அரிதிலேயே உதவுகின்றன. அதியமான், தொண்டைமான் பற்றிப் பக்கங்கள் விரிய, அகப்பாடல்கள் சில வரிகளுள் அடங்கிவிடுகின்றன. ஒருவர் என்போரும் பலர் என்போரும் இதில் ஒன்றுபடுகின்றனர். இரு சாராரும் பெயரின் உரிமையாளரைத் தேடினரேயன்றிப் பாட்டைத் தேடினரல்லர்.

குறுந்தொகையின் 28ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். தன் நோயறியாது உறங்கும் ஊரை முட்டுவதா, தாக்குவதா, கூவுவதா எனத் தலைவி திகைக்கின்றாள். சினமும் இயலாமையும் ஒருங்கே வெடிக்கும் இப்பாட்டு அதியமானின் அவையிலும் அடங்காது, ஆத்திசூடியின் பள்ளியிலும் அடங்காது. ஔவையார் பற்றி நான் பயின்ற நூல்களுள் இதற்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்கிய நூல் ஒன்றேனும் இல்லை.