ஏமாந்தவர் யார்?

சில வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில், ஜனங்கள் எதையும் யோசிக்காமல் நம்பிவிடுகிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினேன். அதற்கு உதாரணமாக ஓர் அமெரிக்கச் சம்பவத்தைச் சொல்லியிருந்தேன். 1938ல் ரேடியோவில் ஒரு நாடகம் நடந்தது. செவ்வாய்க் கிரகத்து ஜந்துக்கள் பூமியில் வந்து இறங்கிவிட்டதாகக் கதை. அதை மெய்யான செய்தி என்று நம்பி லட்சக்கணக்கான பேர் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினார்கள் என்று எழுதியிருந்தேன். கட்டுரை வெளியான வாரமே ஒரு வாசகரிடமிருந்து கார்டு வந்தது. ஒரே ஒரு வரி. 'ஓடினார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?'

எனக்குக் கோபம்தான் வந்தது. உலகத்துக்கே தெரிந்த விஷயத்துக்குச் சாட்சி கேட்கிறாரே என்று. அவர் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் புஸ்தகங்களைத் தேடிப் படித்தேன். படித்து முடித்தபோது அடைபட்டது என் வாய்.

சம்பவம் நடந்தது 1938 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை இரவு. எச். ஜி. வெல்ஸ் 1898ல் புஸ்தகமாக வெளியிட்ட நாவலை, இருபத்து மூன்று வயது ஆர்ஸன் வெல்ஸ் ரேடியோ நாடகமாக நடத்தினார். எழுதிக் கொடுத்தவர் ஹோவர்ட் கோச். இங்கிலாந்தில் நடக்கிற கதையை நியூ ஜெர்ஸியில் ஒரு கிராமத்துக்குக் கொண்டுவந்தார்கள். நடன சங்கீதம் நடந்துகொண்டிருக்கும்; திடீரென்று அதை நிறுத்திவிட்டு ஓர் அவசரச் செய்தி வரும்; மறுபடியும் சங்கீதம். உத்தி நல்ல உத்திதான். அதற்கு முந்தின மாதம்தான் ஹிட்லர் செக்கோஸ்லோவாகியாவை மிரட்டிக்கொண்டிருந்தார். ரேடியோ நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டுச் செய்தி வாசிப்பது அப்போது ஜனங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

மறுநாள் காலையில் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன: ரேடியோ கேட்டு நாடெங்கும் பீதி. அந்தப் பத்திரிகைகளுக்கும் ரேடியோவுக்கும் அன்றைக்கு இருந்த உறவை மறந்துவிடக் கூடாது. விளம்பரப் பணம் ரேடியோவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1933 முடிவில் ரேடியோக்காரர்களைக் கூப்பிட்டு வைத்து, ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷச் செய்தி இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்று ஒப்பந்தம் பண்ணிப் பார்த்தார்கள். அது நிற்கவில்லை. அப்படி இருக்கும்போது, ரேடியோ பொறுப்பில்லாத சாதனம் என்று காட்ட ஒரு ராத்திரி கிடைத்தது. விடுவார்களா? அங்கங்கே சில பேர் பயந்தது நிஜம். போலீஸுக்கும் பத்திரிகை ஆபீஸுக்கும் டெலிபோன் செய்தது நிஜம். அந்தச் சில பேரை ஒரு தேசமாக்கியது பத்திரிகை.

அன்று இரவே வேறு காரியமாக ஐயாயிரம் வீடுகளுக்கு டெலிபோன் செய்து, என்ன கேட்கிறீர்கள் என்று விசாரித்த கணக்கு ஒன்று இருக்கிறது. வெல்ஸின் நாடகத்தைக் கேட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். அதே நேரத்தில் இன்னொரு நிலையத்தில் எட்கர் பெர்கன் என்பவரின் பொம்மை பேசும் ஹாஸ்ய நிகழ்ச்சி நடந்தது. பெருங்கூட்டம் அங்கேதான் இருந்தது.

பிறகு வந்தது சாஸ்திரம். பிரின்ஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹாட்லி கான்ட்ரில் 1940ல் இந்தப் பீதியைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். அறுபது லட்சம் பேர் கேட்டார்கள், அவர்களில் பத்து லட்சத்துக்கு மேல் கலங்கினார்கள் என்பது அவர் மதிப்பு. அந்த மதிப்புக்கு ஆதாரமான கருத்துக் கணிப்பு, நாடகம் நடந்து ஆறு வாரம் கழித்து எடுத்தது. அதற்குள் பீதியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதித் தள்ளியாயிற்று. கலங்கினேன், பரபரப்படைந்தேன் என்று சொன்னவர்களையும் பயந்தவர் கணக்கிலேயே சேர்த்தாயிற்று. நேரில் கண்டு விவரமாக விசாரித்தது 135 பேரை. அதிலும் பெரும்பாலோர், பயந்தவர்கள் என்று தெரிந்தே பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். ஜுரம் கண்டவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தி ஊருக்கே ஜுரம் என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

ஆனால் கான்ட்ரிலுக்கு நான் அநியாயம் செய்யக் கூடாது. தலைப்பை விட்டுவிட்டு உள்ளே படித்தால், அது வேறு புஸ்தகம். ஒருவர் ரேடியோவைத் திருப்பி வேறு நிலையத்தில் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறார். இன்னொருவர் பத்திரிகையில் அன்றைய நிகழ்ச்சி நிரலைப் புரட்டுகிறார். சிலர் செவ்வாய்க்காரர்களையே நம்பவில்லை. வந்திருப்பது ஜெர்மானியர் என்று நினைக்கிறார்கள். ஒரே குரலைக் கேட்டவர்கள். ஆனால் ஒருவர் கேட்டதுபோல் இன்னொருவர் கேட்கவில்லை. பத்திரிகை, ரேடியோ, சினிமா எல்லாம் ஊசி மருந்து மாதிரி, ஏற்றினால் எல்லோர் உடம்பிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்ற கொள்கைக்கு இந்தச் சம்பவத்தைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். சாட்சியோ கூண்டில் ஏறி எதிர்க்கட்சிக்குப் பேசுகிறது.

1940ல் ஓஹாயோ மாகாணத்தில் ஒரு ஜில்லாவில் லாஸர்ஸ்பெல்டும் அவருடைய சகாக்களும் அறுநூறு பேரை மே மாதத்திலிருந்து நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்து, பிரசாரம் வோட்டை எப்படி மாற்றுகிறது என்று பார்த்தார்கள். கட்சி மாறினவர்கள் கொஞ்சம் பேர்தான். ரேடியோ சொன்னதைவிட, ரேடியோ கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கே மதிப்பு அதிகம் என்று 1944ல் எழுதினார்கள்.

அப்படியானால் சாதனங்களுக்குச் சக்தியே இல்லையா? அப்படிச் சொல்ல நான் துணியமாட்டேன். 1949ல் ஈக்வடார் தேசத்தில், கீட்டோ நகரத்தில் இதே நாடகத்தை நடத்தினார்கள். அங்கே ஜனங்கள் உண்மையிலேயே தெருவுக்கு வந்தார்கள். நாடகம்தான் என்று தெரிந்த பிறகு, ரேடியோ நிலையம் இருந்த பத்திரிகைக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள், உயிர்ச்சேதமும் ஆயிற்று. ஆனால் தீ வைத்த கை பயந்த கை அல்ல; நம்மை மட்டமாக நினைத்துவிட்டார்களே என்று கோபித்த கை.

அந்தக் கோபம் எனக்கு இப்போது புரிகிறது. 1983ல் டேவிஸன் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு சின்ன விஷயத்தைச் சொன்னார்: பிரசாரம் மற்றவர்களைப் பிடித்துக்கொள்ளும், நம்மைப் பிடிக்காது என்றே ஒவ்வொருவரும் நினைக்கிறோம். என் கட்டுரை அதற்கு நல்ல உதாரணம். ரேடியோவை நம்பி ஏமாந்தவர்களைப் பார்த்து நான் சிரித்தேன். எதை வைத்துச் சிரித்தேன்? பத்திரிகையில் வந்ததை வைத்து. அமெரிக்க ஜனங்களில் பலர் நிலையத்தைத் திருப்பியாவது பார்த்தார்கள். நான் அதுகூடச் செய்யவில்லை.

நாவல் எழுதுகிறவனுக்கு இது சின்னத் தவறு அல்ல. ஜனங்கள் ஒரு மந்தை என்று நம்பிவிட்டால், அப்புறம் மந்தைக்கு வேண்டியதைத்தான் எழுத வரும். தனித்தனி மனிதர்களைப் பற்றி எழுதுவது என் தொழில். வாசகரையும் அப்படியே நினைக்கக் கடமைப்பட்டவன்.

அந்த வாசகருக்குப் பதில் கார்டு போட்டேன். 'பத்திரிகை சொன்னது. நான் நம்பிவிட்டேன்' என்று.