ஒரே லேலண்டு, இரண்டு புத்தகங்கள்

மோட்டார் வண்டிகளைப் பற்றிய புத்தகங்களுக்கு வாசகர்கள் தரும் பாராட்டு பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். "படமெல்லாம் அருமை" என்பது ஒன்று. "ஒரு மனுஷன் நெனச்சா எவ்வளவு சாதிக்கலாம் பாருங்க" என்பது இன்னொன்று. மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ்களை வழவழப்பான தாளில் அச்சிட்டு வரும் கனத்த தொகுதிகளுக்கு முதல் பாராட்டு. ஷாரதா துவிவேதியும் மான்வேந்திர சிங் பர்வானியும் சேர்ந்து 2003-ல் கொண்டுவந்த 'ஆட்டோமொபைல்ஸ் ஆஃப் த மஹாராஜாஸ்' அந்த வரிசையில் பேர்பெற்றது. தொழிலதிபர் சரிதங்களுக்கும் நிறுவன வரலாறுகளுக்கும் இரண்டாவது பாராட்டு. ஜி.டி. நாயுடுவைப் பற்றி சிவசங்கரி எழுதிய 'அப்பா'வைப் படித்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் இரண்டுமே நிற்கிற வண்டியைப் பார்த்துச் சொல்லப்படுபவை. ஓடுகிற வண்டியை, அதை ஓட்டிப் பிழைக்கிறவரை, அது நடுவழியில் மக்கர் பண்ணும் ராத்திரியை அந்தப் புத்தகம் அறிந்திருக்கிறதா என்று கேட்கிறவர்கள் குறைவு.

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இருந்துகொண்டு அதைக் கேட்காமல் விடுவது கஷ்டம். சென்னையிலிருந்து வரும் சாலை திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்கும், விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கும் பிரிகிறது. விக்கிரவாண்டியில் தஞ்சாவூர்ச் சாலை தனியே கிளம்புகிறது. ஒரகடம் பக்கம் தயாராகும் கார்கள் கேரியர் லாரிகளில் தெற்கே போவது இந்த வழிதான். எண்ணூர் லேலண்டு சேசிஸ், கேபின்கூட இல்லாமல் வெறும் சட்டமாக, முகத்தில் துண்டு கட்டிய டிரைவரோடு நாமக்கல்லுக்கும் கரூருக்கும் பாடி கட்டப் போவதும் இதே வழிதான். ஆகவே என் அளவுகோல் இந்தச் சாலையிலிருந்து வருகிறது: ஒரு புத்தகத்துக்கு இயந்திரம் தெரியுமா, அதனிடம் வேலை செய்பவரின் கூலி தெரியுமா, எழுதியவர் யாருக்குக் கடன்பட்டவர்?

எஸ். முத்தையாவின் 'மூவிங் இந்தியா ஆன் வீல்ஸ்' அசோக் லேலண்டின் வரலாறு. 2008-ல், நிறுவனத்தின் அறுபதாம் ஆண்டையொட்டி வந்தது. சென்னையின் பழங்கதைகளை முத்தையா அளவுக்குத் தேடிச் சேர்த்தவர்கள் அதிகம் பேர் இல்லை. அந்த உழைப்புக்கு இங்கும் மதிப்பு உண்டு. நேருவின் தூண்டுதலில் ரகுநந்தன் சரண் 1948-ல் தன் மகன் பெயரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது, முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது, இங்கிலாந்தின் லேலண்டு பங்கெடுத்து 1955-ல் பெயர் மாறியது, 1967-ல் டைட்டன் மாடிப் பேருந்து, 1987-ல் ஹிந்துஜாக்களின் கைக்குப் போனது என்று அந்த நிறுவனத்தின் கதை நீள்கிறது. ஆண்டுகளையும் பேர்களையும் சரிபார்க்க ஒருவர் அங்கேதான் போக வேண்டும். சிக்கல் அந்த வகை எழுத்தின் இயல்பில் இருக்கிறது. நிறுவன வரலாற்றில் நாயகன் நிறுவனம்தான். வரும் தோல்விகள் எல்லாம் அடுத்த அத்தியாயத்து வெற்றிக்குப் படிக்கட்டாக வரும். வண்டி தொழிற்சாலை வாசலைத் தாண்டியதும் அந்தக் கதைக்கு அதன்மேல் அக்கறை குறைந்துவிடும்.

மாருதியைப் பற்றி அதன் தலைவர் ஆர்.சி. பார்கவா 2010-ல் எழுதிய 'த மாருதி ஸ்டோரி'க்கும் இதே நோய், கொஞ்சம் வேறு விதமாக. அரசு நிறுவனம் ஒன்றுக்குள் ஜப்பானிய வேலைமுறை எப்படி நுழைந்தது என்பதை உள்ளிருந்தவரே சொல்கிறார், அதற்காகப் படிக்கலாம். ஆனால் மானேசர் ஆலையில் 2012-ல் வெடித்த வன்முறைக்கு முன்னால் எழுதி முடிக்கப்பட்ட புத்தகம் அது. இன்று படிக்கும்போது, தொழிலாளியும் நிர்வாகமும் ஒரே சீருடையில் ஒரே உணவகத்தில் சாப்பிடும் ஒற்றுமைக் காட்சிகள் முன்போல் செரிப்பதில்லை.

ரஜத் உபாய்கரின் 'டிரக் தே இந்தியா' (2019) இந்த வரிசையில் நான் மதிக்கும் ஆங்கில நூல். மும்பையில் லாரி ஏறி காஷ்மீர், வடகிழக்கு, அப்புறம் கன்னியாகுமரி என்று லாரி டிரைவர்களோடு போனவர். யாரிடமும் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதவில்லை. சாலையில் கை நீட்டும் காக்கிச் சட்டைகளும் தூக்கமில்லாத ராத்திரிகளும் நூலில் வருகின்றன. எனினும் அவர் கேபினில் உட்கார்ந்த விருந்தாளி. கிளட்ச் வழுக்கினால் இறங்கி நின்று பார்ப்பாரே தவிர வண்டிக்கு அடியில் படுக்கப் போவதில்லை. பயண நூலுக்கு இந்தத் தூரம் தவறல்ல. வண்டியைப் பற்றிய நூலுக்கு அது குறைதான்.

வண்டிக்கு அடியில் படுத்தவர் எழுதிய புத்தகம் தமிழில் இருக்கிறது. கண்மணி குணசேகரனின் 'நெடுஞ்சாலை'. (இதே பேரில் 2014-ல் வந்த சினிமாவுக்கும் நாவலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.) விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லைக்காரர். 'அஞ்சலை' எழுதியவர். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். அந்தப் பணிமனை சேர்ந்த கழகத்தின் தலைமையிடம் விழுப்புரம். 1972-ல் தனியார் பேருந்துகளை அரசு எடுத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு, 1975-ல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகமாக இங்கே அது தொடங்கியது. 1997-ல் தலைவர்கள் பேரெல்லாம் நீக்கப்பட்டபோது, இன்றைய நீளமான பேரும் அடைப்புக்குறிக்குள் 'விழுப்புரம்' என்ற ஊரும் மிஞ்சின. அந்தக் கழகத்தின் பஸ்களில் பெரும்பாலானவை லேலண்டு. ஆக முத்தையாவும் குணசேகரனும் எழுதியது ஒரே வண்டியைப் பற்றி. ஒருவர் அது பிறந்த இடத்தில் நின்று எழுதினார், மற்றவர் அது தேய்ந்த இடத்தில் நின்று எழுதினார்.

நாவலில் வருகிறவர்கள் டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் என்று தற்காலிகமாக வேலைக்கு வந்த இளைஞர்கள். டெப்போ மொழியில் சி.எல். இந்த இரண்டு எழுத்துக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்பதை வெளியூர் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-ன் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. அதனால் சி.எல். ஆளுக்கு ஒவ்வொரு டூட்டியும் ஒரு நாள் கணக்கு. வேலைக்கு நிறுத்தப்படாத ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கில் ஓட்டை. டெப்போ வாசலில் காலை நாலு மணிக்கு 'ஆள் வராத வண்டி ஏதாவது இருக்குமா' என்று காத்து நிற்பதன் பதற்றம் அங்கிருந்து வருகிறது. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வரவில்லை என்றால் டிரைவரிடம் கேள்வி, கலெக்‌ஷன் குறைந்தால் கண்டக்டரிடம் கேள்வி, வழியில் வண்டி நின்றால் மெக்கானிக்கிடம் கேள்வி. பழைய வண்டியிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்த உலகத்தை நாவல் உள்ளே இருந்து எழுதுகிறது. இயந்திரத்தைக் குறியீடாக்கி வேறெதையோ சொல்லப் போவதில்லை. கியர்பாக்ஸ் கியர்பாக்ஸாகவே இருக்கிறது, அதைக் கழற்றுகிறவனின் முதுகுவலியோடு.

நாவலைப் பற்றி என் காதில் விழுந்த குறைகளை எடைபோட வேண்டும். நடுநாட்டுப் பேச்சு கடினம் என்கிறார்கள். தஞ்சாவூர்ப் பேச்சையும் நாஞ்சில் பேச்சையும் சிரமப்பட்டுப் படித்துப் பெருமைப்படுகிற வாசகர், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் கேட்கும் தமிழுக்கு மட்டும் சலித்துக்கொள்வது நியாயமில்லை. 'நடுநாட்டுச் சொல்லகராதி'யை இதே ஆசிரியர் தொகுத்துக் கொடுத்தும் இருக்கிறார். பட்டறை விவரம் அதிகம் என்ற குறையையும் நான் ஏற்கவில்லை. அந்த விவரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வேலையில்லாத இளைஞர்களைப் பற்றிய இன்னொரு சோகக் கதை. ஆனால் சம்பவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன, இறுக்கம் போதவில்லை என்பது சரியான குறை. ஒரு டிரிப் முடிந்தால் அடுத்த டிரிப் என்று நாவல் ஓடுகிறது. எந்தச் சம்பவம் கனமானது, எது வழியில் வந்துபோவது என்று ஆசிரியர் பிரித்துக் காட்டாத இடங்கள் உண்டு. அதைவிடப் பெரிய குறை ஒன்றை யாரும் சொல்லிக் கேட்கவில்லை. கழகம் ஏன் நட்டத்தில் ஓடுகிறது, பழைய வண்டியை ஏன் மாற்ற முடியவில்லை, ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டுத் தற்காலிகத்தில் ஓட்டும் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதெல்லாம் நாவலின் மனிதர்களுக்கு எட்டாத மேலிடத்தில் நடக்கின்றன. நாவலும் அவர்களோடு கீழேயே நின்றுவிடுகிறது. கலைக்கு அது நேர்மை. வரலாறு தேடி வருகிற வாசகருக்கு அது போதாது.

இந்தக் கீழும் மேலும் சந்திக்கும் புத்தகம் உலகில் இல்லாமல் இல்லை. ரால்ஃப் நாடரின் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' 1965-ல் வந்தது; காரின் வடிவமைப்பிலேயே இருக்கும் ஆபத்தை ஆவணங்களோடு காட்டியது; அடுத்த ஆண்டே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் கார் ஓட்டுகிறவரின் உடம்பும் கம்பெனியின் கணக்குப் புத்தகமும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. திண்டிவனம்–விழுப்புரம் சாலையில் அடிபட்டு வருகிறவர்களை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை அன்றாடம் பார்க்கிறது. அப்படியொரு நூல் தமிழில் வந்திருந்தால் அதற்கு இந்த ஊர்களில் வாசகர் பஞ்சம் வந்திருக்காது.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் புத்தகம் என்றதும் நம் வாசகர் நினைவுக்கு வரும் பட்டியலில் 'நெடுஞ்சாலை' இருப்பதில்லை. நாவல் அலமாரியில் வைத்து மறந்துவிட்டார்கள். அந்த அலமாரியிலிருந்து எடுத்து வண்டி வரலாற்று நூல்களோடு வைத்துப் பார்த்தால், என் மூன்று கேள்விகளுக்கும் தேறுவது அது ஒன்றுதான்: இயந்திரம் தெரியும், கூலி தெரியும், எந்த நிர்வாகத்துக்கும் கடன்படவில்லை. அதற்கு அடுத்து உபாய்கர். முத்தையாவை மூன்றாவதாக வைக்கிறேன், கொஞ்சம் மனச்சங்கடத்தோடு. ஆண்டு, பேர், பங்கு மாற்றம் எல்லாம் அவரிடம்தான் கேட்க வேண்டும். ஒரு புத்தகம் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் 'நெடுஞ்சாலை'யை வாங்குங்கள், முத்தையாவை நூலகத்தில் தேடிக் குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள், மகாராஜாக்களை யார் வீட்டு வரவேற்பறையிலாவது புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.