ரயிலை ஓட்டாத ரயில் விளையாட்டு

சேலத்திலிருந்து நாமக்கல், மோகனூர் வழியாகக் கரூர் செல்லும் இருப்புப்பாதை 2013ஆம் ஆண்டு ஒற்றைப் பாதையாகத் திறக்கப்பட்டது. இத்தகைய பாதையில் வண்டி நின்றுவிட்டால் 'கிராஸிங்' என்று யாரோ ஒருவர் சொல்வார். மற்றவர்கள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொள்வார்கள். எதிர்வண்டிக்காக நாம் ஏன் இங்கே காத்திருக்கிறோம், அது ஏன் அங்கே காத்திருக்கக் கூடாது என்று கேட்பவர் குறைவு. அதை முடிவு செய்பவர் டிரைவர் அல்லர். கோட்டத் தலைமையிடத்தில் அமர்ந்திருக்கும் கண்ட்ரோலர்.

இந்த முடிவெடுக்கும் வேலையை விளையாட்டாக்கியிருக்கிறது, பிரிட்டனில் தோன்றிய 'சிம்சிக்' என்னும் கணிப்பொறி விளையாட்டு. இதில் எஞ்சின் இல்லை, புகை இல்லை, ஊதல் இல்லை. கறுப்புத் திரையில் சாம்பல் நிறக் கோடுகள், அவையே தண்டவாளங்கள். வழி அமைத்தால் கோடு வெண்மையாகும், வண்டி ஏறினால் சிவப்பாகும். ஆட்டக்காரர் சிக்னல் இயக்குபவரின் நாற்காலியில் அமர்கிறார். இரு வண்டிகளை ஒரே வழியில் விட முயன்றால் இன்டர்லாக்கிங் அமைப்பு மறுத்துவிடும். சிவப்பு விளக்கில் நெடுநேரம் நின்ற டிரைவர் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார்!

லண்டனின் கிங்ஸ் கிராஸ், லிவர்பூல் ஸ்ட்ரீட் என ஒவ்வொரு பகுதியாக இது வளர்ந்து வந்திருக்கிறது, இன்னும் வளர்கிறது. சிக்னல்களின் இடம், தூரம், வேக வரம்பு, கால அட்டவணை அனைத்தையும் ஆர்வலர்கள் சேர்த்துத் திருத்துகின்றனர். படம் காட்டி மயக்காமல் விதிகளைச் சரிசெய்துகொண்டே போகும் இந்த நிதானம் பாராட்டத்தக்கது.

குறை வேறிடத்தில் உள்ளது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்; எண்கள் கற்பனையே. நம் பாசஞ்சர் வண்டி மோகனூரிலிருந்து 9.00 மணிக்குப் புறப்பட வேண்டும். 10 கிலோமீட்டரில் அடுத்த கிராஸிங் நிலையம். இரு வண்டிகளுக்கும் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். ஆக 10 நிமிடப் பயணம். எதிரே வரும் எக்ஸ்பிரஸ் 8.50க்கு அந்நிலையத்தைக் கடந்திருக்க வேண்டும். 18 நிமிடம் தாமதமாகி 9.08க்குத்தான் அங்கு வருகிறது. எக்ஸ்பிரசுக்கே முதலிடம் என்றால் பாசஞ்சர் 9.18 வரை மோகனூரில் நிற்கும். மாறாக, பாசஞ்சரை 9.00க்கே அனுப்பினால் எக்ஸ்பிரஸ் அங்கே 2 நிமிடம் நிற்கும். நின்று கிளம்பும் இழப்பையும் சேர்த்து 5 நிமிடம் என்போம். 18ஆ, 5ஆ?

இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்க்க இடம் தருவதே இவ்வகை விளையாட்டின் பெருமை. உண்மைப் பாதையில் அது இயலுமா? ஆனால் திரையில் நிமிடங்கள் தெரிகின்றனவே தவிர, வண்டிக்குள் இருக்கும் மனிதர்கள் தெரிவதில்லை. கரூரில் அடுத்த வண்டியைப் பிடிக்க வேண்டிய நூறு பேருக்கும் வெறும் பெட்டிகளுக்கும் அங்கே வேறுபாடு இல்லை. நிமிடத்தை மட்டும் எண்ணிப் பழகியவர், பாசஞ்சரை நிறுத்தி வைப்பதைத் தவறென்றே நினைக்க மாட்டார். இனி வளரும்போது பயணியையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. தொடக்கக்காரர் லண்டன் சந்திப்பில் திணறாமல் பழக, இரண்டு தண்டவாளமுள்ள ஒரு சிற்றூர் நிலையமும் வேண்டும். அச்சிறு நிலையமும் எளிதன்று: இரு தண்டவாளங்களிலும் கரூர் செல்லும் வண்டிகளை நிறுத்திவிட்டு, கரூரிலிருந்து மூன்றாவதை வரவிட்டால், எதையாவது பின்னுக்குத் தள்ளாமல் மூன்றும் நகரா.

கணிப்பொறி இல்லாத மாணவர் வரைபடத் தாளில் தொடங்கலாம். நெடுக்கில் நிலையங்கள், கிடையில் நேரம். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. எதிரெதிர்க் கோடுகள் வெட்டும் புள்ளி நிலையத்தின் மேல் விழ வேண்டும். கண்ட்ரோலர்கள் நெடுங்காலம் பென்சிலால் வரைந்ததும் இத்தகைய படத்தையே. மேலே சொன்ன இரு வண்டிகளையும் வரைந்து, எக்ஸ்பிரஸ் 25 நிமிடம் தாமதமானால் எதை நிறுத்துவீர்கள் என்று பாருங்கள்.