கால் மறக்காத க்ளட்ச்

பெங்களூருவில் கார்ப் பிரியர்கள் இருவர் அறிமுகமானால், ஊர் எது, வேலை எங்கே என்ற விசாரணை முடிவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்: "இதுவரைக்கும் என்னென்ன வண்டி வெச்சிருந்தீங்க?" பதில் ஒரு பட்டியலாகத் தொடங்கும். வாங்கிய ஆண்டு, நிறம், நம்பர், யாரிடமிருந்து வந்தது, எத்தனை கிலோமீட்டரில் கைமாறிப் போனது. பிறகு பட்டியல் மெல்ல வேறொன்றாகிவிடும். இரண்டாவது கியர் மார்கழிக் காலைகளில் எப்படி முரண்டு பிடித்தது, எண்பதைத் தாண்டியதும் ஸ்டீயரிங் எப்படி நடுங்கியது, மழைத் தண்ணீர் எந்தக் கதவுக்கு அடியில் கசிந்தது என்று பேச்சு இறங்கும்போது, பேசுபவரின் இடது கை தானாக எழுந்து இல்லாத கியரைப் பிடிக்கும். கேட்பவருக்கு இது பழைய சொத்துப் பெருமை போலத் தோன்றலாம். நான் அப்படி எண்ணவில்லை. நம் காலத்தில் உயிரோடு இருக்கும் நுட்பமான ரசனைகளில் இது ஒன்று. ஒரு பொருளை அதன் குறையோடு அறிந்து, அந்தக் குறையைச் சொல்லியே அதன் குணத்தை நிலைநாட்டும் கலை.

இது மோட்டாரோடு வந்த பழக்கமும் இல்லை. காங்கேயத்துக் காளை கட்டியவரானாலும், பெங்களூரு, மைசூரு வட்டாரத்து ஹள்ளிக்கார் காளை கட்டியவரானாலும், தாம் வைத்திருந்த ஜோடிகளை வரிசையாகச் சொல்வார். சுழி, கொம்பு, நடை, எது நுகத்தின் எந்தப் பக்கம் நிற்கும், எது மேட்டில் மூச்சு வாங்கும் என்று விவரம் போகும். அதிக விலை கொடுத்து வாங்கிய ஜோடியைவிட, பழக்குவதற்குள் படாத பாடு படுத்திய ஜோடியே நீண்ட நேரம் பேசப்படும். தமிழில் அதுவும் வண்டி, இதுவும் வண்டி என்பது வெறும் சொல் ஒற்றுமை அல்ல என்று நினைக்கிறேன். கார்க்காரர் பேச்சிலும் இதே அளவுகோல்தான் ஓடுகிறது. கடைசியாக வாங்கிய ஜெர்மானிய செடானுக்கு ஒரு வாக்கியம், முதன்முதலில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஃபியட்டுக்கு அரை மணி நேரம். விலையுயர்ந்த வண்டி அவரிடம் எதையும் கேட்கவில்லை. பழைய வண்டியோ அவருடைய கையையும் காலையும் காதையும் கேட்டது. கொடுத்தவருக்குத்தான் நினைவு தங்குகிறது.

அந்தப் பழைய உலகில் தேர்வு என்பதே மூன்றுக்குள் அடங்கியது. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் பிரீமியர் செய்த ஃபியட், சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் செய்த ஹெரால்டு. அம்பாசிடர் 1958-ல் வந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசைதான் அதன் மூலம். நெடுங்காலம் அதை இழுத்தது 1489 சிசி என்ஜின். வண்டியின் எடைக்கு அந்த என்ஜின் பெரிதில்லை என்பதால் ஓட்டுபவர் முன்யோசனையோடு ஓட்டக் கற்றார். மேடு வருவதற்கு முன்பே வேகம் சேர்த்துக்கொள்வது, லாரியைத் தாண்டுமுன் இரண்டு ஃபர்லாங் தள்ளி முடிவெடுப்பது. ஃபியட்டின் 1089 சிசி என்ஜின் சிறியது, ஆனால் வண்டியும் இலகு. ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்த அதன் ஹேண்ட் கியர் சரியாக அமைந்துவிட்டால் விரல் நுனியால் போடலாம். லிங்க்கேஜ் தேய்ந்துவிட்டால் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் இடையே தடுமாற வேண்டும். 1974 முதல் பத்மினி என்ற பெயரோடு வந்ததும் இதே வண்டிதான். ஹெரால்டு மூன்றிலும் அழகி. இத்தாலியரான ஜொவான்னி மிச்செலொட்டி வரைந்த உடல், மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக முழுசாகத் திறக்கும் பானெட், குறுகிய தெருவிலும் ஒரே வளைப்பில் திரும்பிவிடும் முன்சக்கரங்கள். பின்பக்கம் குறுக்காகப் போட்ட ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் நம் சாலைகளைத் தாங்காமல் உடையும். ஹெரால்டு வைத்திருந்தவர் அழகையும் உடைசலையும் ஒரே மூச்சில் சொல்வார். ஒன்றை விட்டு மற்றதைச் சொன்னால் அது அந்த வண்டி ஆகாது. தேர்வு குறைவாக இருந்ததுதான் இந்தக் கூர்மைக்குக் காரணம். ஊரெல்லாம் ஒரே அம்பாசிடர் ஓடும்போது, ஓர் அம்பாசிடருக்கும் அடுத்த அம்பாசிடருக்கும் உள்ள வேறுபாட்டைக் காது பழகிக்கொள்கிறது. ஒரே கல்யாணியை இரண்டு வித்வான்கள் பாடக் கேட்கிற ரசிகருக்கு நேர்வதும் இதுதான்.

பெங்களூரு இந்த ரசனைக்குத் தன் பங்காகக் கொடுத்தது பெரிது. ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் வலு இழக்கும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் பெங்களூரில் ஓடிய ஒவ்வொரு கார்பரேட்டர் வண்டியும் பத்தில் ஒரு பங்கு வலுவை ஊருக்கே கப்பமாகக் கட்டிவிட்டுத்தான் ஓடியது. காற்று மெலிதாவதால் பெட்ரோல் விகிதம் கூடிப் புகை வரும். மெக்கானிக் அதற்கேற்ப டியூனிங் செய்து வைப்பார். அதே வண்டி ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி சென்னைப் பக்கம் இறங்கும்போது அடர்ந்த காற்றில் வேறு குரலில் பேசும். காதுள்ள ஓட்டுநருக்கு இந்த மாற்றம் தெரியும். குளிர்ந்த காலைகளில் சோக் இழுப்பதும் ஒரு தனிப் பக்குவம்: எவ்வளவு இழுப்பது, எப்போது உள்ளே தள்ளுவது. ஆனால் இதே ஊர் தகரத்துக்கு நல்லது செய்தது. கடற்காற்றின் உப்பு இல்லாததால் சென்னையிலும் மும்பையிலும் துருப்பிடித்துப்போகிற ஃப்ளோர் இங்கே கூடுதல் ஆண்டுகள் நிற்கும். வண்டி அதிக காலம் நின்றால் உறவும் அதிக காலம் நிற்கும்.

ஊரே வண்டி செய்தும் பார்த்தது. சிபானி நிறுவனம் 1982-ல் இங்கிருந்து டால்ஃபினைக் கொண்டுவந்தது. பிரிட்டனின் ரிலையண்ட் கிட்டனைத் தழுவிய இரண்டு கதவு வண்டி அது. உடல் முழுக்க ஃபைபர் கிளாஸ், 848 சிசி அலுமினிய என்ஜின். பூப்போன்ற எடை என்பதால் துள்ளி ஓடும். 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவி கைமாறியபோதே டால்ஃபினின் கதை முடிவை நோக்கித் திரும்பிவிட்டது. பிறகு 2001-ல் ரேவா. எட்டு லெட்-ஆசிட் பேட்டரிகள், ஒரு சார்ஜுக்குச் சுமார் 80 கிலோமீட்டர், பிளாஸ்டிக் உடல். இன்று நாடெங்கும் பேசப்படும் மின்சாரக் காரை இந்த ஊர்க்காரர்கள் கால் நூற்றாண்டுக்கு முன்பே வீட்டு வாசலில் சார்ஜ் போட்டு வைத்திருந்தார்கள். லண்டன் தெருக்களில் அது ஜீ-விஸ் என்ற பெயரில் ஓடியது. விற்பனைக் கணக்கை மட்டும் பார்க்கும் வரலாற்றில் டால்ஃபினுக்கும் ரேவாவுக்கும் ஆளுக்கொரு வரிக்கு மேல் கிடைக்காது. வைத்திருந்தவர் நினைவில்தான் அவை முழு உருவத்தோடு இருக்கின்றன.

மாருதியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. பழைய வண்டிகளுக்குக் குணம் இருந்தது, மாருதி வந்ததும் எல்லாம் ஒரே அச்சாகிவிட்டது என்பார்கள். நினைவுகூர்பவர்களின் பேச்சே இதை மறுக்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், 12 அங்குலச் சக்கரம், முன்சக்கர இழுப்பு. பின்சக்கரம் தள்ளும் வண்டியிலேயே பழகிய ஒரு தலைமுறைக்கு முன்சக்கரம் இழுக்கும் வண்டி வளைவில் வேறுவிதமாக நடந்தது. அம்பாசிடரில் முழு காலையும் ஊன்றி மிதித்த க்ளட்ச் இங்கே கட்டைவிரல் அழுத்தத்துக்கே இறங்கியது. மூன்று சிலிண்டர் ஐடிலிங்கின் அந்தச் சின்ன நடுக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1999-ல் மறைமலை நகரிலிருந்து வந்த ஃபோர்டு ஐகானுக்கும், 2001-ல் வந்த ஃபியட் பாலியோவுக்கும் அடியார்கள் உண்டு. ஆக, குணம் எந்தக் காலத்து வண்டிக்கும் உண்டு; அதோடு எவ்வளவு காலம் வாழ்கிறோம் என்பதே கேள்வி.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது, இது பழமை மோகம் என்பது. அந்த வண்டிகள் மோசமானவை, ஆபத்தானவை, புகை கக்கியவை என்பார்கள். உண்மைதான். மோதினால் ஸ்டீயரிங் தண்டு நெஞ்சில் பாயக்கூடிய காலம் அது. ரேவாவின் மோதல் பாதுகாப்பு பற்றி 2007-ல் பிரிட்டனில் நடந்த சோதனைகள் கவலைக்குரிய முடிவையே தந்தன. ஆனால் இந்தக் குறைகளை நமக்கு முதலில் சொன்னவர்கள் யார்? அந்த வண்டிகளை நேசித்தவர்கள்தான். பிரேக் பிடிக்காத கதையை அவர்கள் மறைப்பதில்லை; தங்கள் பிள்ளைகளுக்கு ஏர்பேக் உள்ள வண்டியைத்தான் வாங்கித் தருகிறார்கள். திரும்ப வேண்டும் என்று ஏங்குவது மோகம். எப்படி இருந்தது என்று துல்லியமாகச் சொல்வது சாட்சியம். இரண்டையும் குழப்பிக்கொள்வது அநியாயம்.

வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்குதானே என்பது அடுத்தது. கர்நாடகத்தின் வாழ்நாள் சாலை வரி நாட்டிலேயே அதிகமானவற்றில் ஒன்று என்பதால், இங்கே கார் வைத்திருப்பது எளிய காரியம் இல்லைதான். ஆனாலும் இந்த ரசனையின் ஆழம் பணத்தோடு ஏறுவதில்லை. புது வண்டி வாங்கி மூன்றாம் ஆண்டில் மாற்றிவிடுகிறவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. மூன்றாம் கையாக வாங்கி, ரீபோர் செய்து, பத்து ஆண்டு ஓட்டியவருக்குத்தான் சொல்ல இருக்கும். அவரைவிட அதிகம் தெரிந்தவர் மெக்கானிக். ஒரு ஸ்பேனரின் நுனியை என்ஜினிலும் மறு நுனியைக் காதிலும் வைத்து டேப்பெட் சத்தத்தைப் பிரித்தறிகிற அந்த மனிதர் வண்டிக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பெங்களூரின் ரசனைப் பேச்சில் அவருடைய பங்கு போதுமான அளவு சொல்லப்படுவதில்லை என்பது என் வருத்தம்.

நெரிசலில் நிற்கும் ஊரில் ஓட்டும் சுகம் ஏது என்றும் கேட்கலாம். டாம்டாம் நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டுப் போக்குவரத்துக் கணக்குப்படி நகர மையத்தில் 10 கிலோமீட்டர் கடக்க 29 நிமிடம் ஆனது; உலகில் இரண்டாவது மெதுவான இடம். இது ரசனைக்கு உதவுகிறது என்று வாதாட மாட்டேன். சில்க் போர்டு சந்திப்பில் யாருக்கும் கவிதை தோன்றாது. கையும் காலும் ஓய்ந்துபோய்த்தான் பலர் ஆட்டோமேட்டிக்குக்கு மாறுகிறார்கள்; அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இதன் விளைவு மட்டும் கவனிக்கத்தக்கது: க்ளட்சை அறிந்த கடைசித் தலைமுறையின் நினைவு இன்னும் விலைமதிப்புள்ளதாகிறது.

அதைவிட அவசரமான காரணம் ஒன்று உண்டு. அம்பாசிடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் ஒரே ஆண்டில், 2014-ல் நின்றது. செவர்லே விற்பனை 2017-ல் முடிந்தது, மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் உற்பத்தி நின்றது. வண்டி வீட்டில் இருக்கிறது, அதைச் செய்வது நின்றுவிட்டது. ஜே.சி. ரோட்டு ஸ்பேர் கடைகளிலும் சிவாஜிநகரின் பழைய சாமான் கடைகளிலும் தேடுபவர் கையிலிருக்கும் உடைந்த பாகத்தைக் காட்டித்தான் கேட்கிறார். சட்டமும் ஒரு விசித்திர இடைவெளியை வைத்திருக்கிறது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டில் முடியும்; பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 2021 ஜூலையில் வந்த விதி 50 ஆண்டு தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று ஏற்று, நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகளைத் தருகிறது. பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே 35 ஆண்டுகள். அந்த வயதில் வண்டி புதிதும் இல்லை, மரபுச் சொத்தும் இல்லை. பெரும்பாலானவை உடைக்கப்படுவது அந்தக் காலத்தில்தான். கோவையில் 2015-ல் திறந்த ஜீடி கார் அருங்காட்சியகமும், தர்மஸ்தலாவின் மஞ்சூஷா அருங்காட்சியகமும் அரிய வண்டிகளைக் காக்கின்றன. ஆனால் அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டியின் இரண்டாவது கியர் எப்படி விழும் என்று அங்கே யாருக்கும் காட்ட முடியாது.

முதல் மாருதிக்கு ஐம்பது வயது நிறைய 2033 டிசம்பர் ஆக வேண்டும். அதுவரை காத்திருக்காதீர்கள். நீங்கள் வைத்திருந்த வண்டிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: ஆண்டு, நம்பர், நிறம், எங்கே வாங்கியது, யார் பழுது பார்த்தது, எது உடைந்தது, என்ன சத்தம் போட்டது. மெக்கானிக்கின் பெயரை மறக்காமல் எழுதுங்கள். வண்டி இன்னும் ஓடுகிறது என்றால், ஒரு நாள் காலையில் அதைக் குளிரில் ஸ்டார்ட் செய்து, அந்தச் சத்தத்தை போனில் பதிந்து வையுங்கள்.