வாத்தியார் விட்ட சவால்

கிரிக்கெட் விதிப் புத்தகத்தின் 31-வது விதியை, வருடம் முழுக்க ஆட்டம் பார்ப்பவர்களே பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பந்து காலில் பட்டது, விட்டிருந்தால் ஸ்டம்பைப் பெயர்த்திருக்கும், மைதானத்துக்கே அது தெரிகிறது. ஆனாலும் ஃபீல்டிங் அணியிலிருந்து ஒருவராவது கேட்டாக வேண்டும். கேட்காதவரை அம்பயர் அவுட் கொடுக்க முடியாது. தத்துவ அறிஞர் ஜே.எல். ஆஸ்டின் 1955-ல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகள் இப்படிப்பட்ட பேச்சைப் பற்றியவைதான். சவால், வாக்குறுதி, தடை, தீர்ப்பு போன்றவற்றைச் சொன்ன கணமே காரியம் நடந்துவிடுகிறது. அதற்கு, சொல்பவருக்கு உரிமை இருக்க வேண்டும், இடமும் நேரமும் பொருந்தி வர வேண்டும். கேலரியில் உட்கார்ந்து யார் விரலைத் தூக்கினாலும் எந்த பேட்ஸ்மேனும் பெவிலியனுக்குத் திரும்ப மாட்டார்.

இந்தக் காதோடு கேட்க வேண்டிய குத்துச்சண்டைப் படம் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021). அதில் வரும் குத்துச்சண்டை வீரன் டான்ஸிங் ரோஸின் கால் அசைவுகளை எல்லோரும் கொண்டாடினோம், அது நியாயமே. ஆனால் நாயகன் கபிலனோடு அவன் மோதும் சண்டையில் நாம் சீட்டு நுனிக்கு வந்ததற்குக் காரணம், வெகு முன்னால் வேறொருவர் பேசிய பேச்சு.

1970-களின் வடசென்னை. சார்பட்டா, இடியாப்பம் என்று இரண்டு குத்துச்சண்டைப் பரம்பரைகள். இடியாப்பப் பரம்பரையின் வேம்புலியிடம் சார்பட்டாவின் மீரான் தோற்கிறான். வேம்புலியின் வாத்தியார் துரைக்கண்ணு சீண்டுகிறார். சார்பட்டாவின் ரங்கன் வாத்தியார் சவால் விடுகிறார்: அடுத்த சண்டையில் வேம்புலியை வீழ்த்தாவிட்டால் சார்பட்டா இனி மேடை ஏறாது. குத்து வாங்கப் போவது அவரில்லை, கையுறை மாட்டப் போவதும் அவரில்லை. இருந்தும் அவர் சொன்னதும் ஒரு பரம்பரை மொத்தமும் கட்டுப்பட்டுவிடுகிறது. யாரும் கையெழுத்து கேட்கவில்லை. வாத்தியார் என்ற இடத்துக்கு அந்த உரிமை உண்டு என்பதை நண்பன், எதிரி இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வரும் பேச்சுகள் ஒவ்வொன்றும் இந்தச் சவாலின் பாரத்தைச் சுமக்கின்றன. வேம்புலிக்கு எதிராக ரங்கன் தன் சீடன் ராமனின் பெயரைச் சொல்கிறார். அதே வாயால் தன் மகன் வெற்றிச்செல்வனைத் தள்ளியும் வைத்துவிடுகிறார். வெற்றிச்செல்வனாக நடிக்கும் கலையரசனின் முகத்தில் அப்போது தெரியும் வலி, அப்பா சொல்லாமல் விட்ட பெயருக்கானது. அந்தக் கட்டத்தில் ரங்கனாக வரும் பசுபதி அதிகம் பேசுவதில்லை. அளந்து பேசும் மனிதர் என்பதால்தான் அவர் சொல் சட்டமாகிறது. தேர்ந்த நடிப்புக் கணக்கு அது.

கபிலனின் அம்மா பாக்கியம் பக்கம் வேறு வகைப் பேச்சு நடக்கிறது. கணவனைப் பறிகொடுத்தவள், மகன் குத்துச்சண்டைப் பக்கமே போகக் கூடாது என்று தடை போட்டிருக்கிறாள். வாத்தியாரின் சொல்லுக்கு ஊர் சாட்சி என்றால், அம்மாவின் தடைக்கு வீட்டில் நடந்த சாவு சாட்சி. இரண்டு தரப்புக்கும் உரிமை உண்டு என்பதால் கபிலன் எதை மீறினாலும் குற்றவாளிதான். கபிலனாக நடிக்கும் ஆர்யா முன்பாதி முழுக்கக் கூனிக்குறுகி நிற்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

'லகான்' (2001) படத்தில் நிலைமை தலைகீழ். மூன்று வருட வரியை வைத்து வெள்ளை அதிகாரி கேப்டன் ரஸ்ஸல் கிரிக்கெட் பந்தயம் கட்டுகிறான், கிராமத்து இளைஞன் புவன் ஒப்புக்கொள்கிறான். ஊரைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை, ஊர் கொதிக்கிறது. தீண்டத்தகாதவன் என்று ஊர் ஒதுக்கிய கச்ராவை அணியில் சேர்க்கும்போதும் அதே எதிர்ப்பு. சொல்லிவிட்ட பிறகு அந்தச் சொல்லுக்கான உரிமையைத் தேடி ஒவ்வொருவராக அவன் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. ரங்கனுக்கு அது ஆரம்பத்திலேயே கையில் இருந்தது.

சார்பட்டாவின் உச்சம் என்று நான் நினைப்பது கபிலன்-வேம்புலி முதல் மோதல். கபிலன் கை ஓங்கியிருக்கிறது. 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்ட தி.மு.க. ஆட்சியின் சேதியோடு போலீஸ் வருகிறது, கட்சிக்காரரான ரங்கனைக் கைது செய்ய. சண்டை முடியும்வரை பொறுக்கச் சொல்லிக் கேட்கிறார் வாத்தியார். ஊரையே கட்டிப்போட்ட குரல், இங்கே அனுமதி கேட்கும் குரலாகிவிடுகிறது. அடுத்து கலவரம், கபிலனுக்கு அவமானம். நடுவர் யார் கையையும் உயர்த்தவில்லை. கபிலன் ஜெயித்துக்கொண்டிருந்தான் என்று பார்த்தவர் அத்தனை பேருக்கும் தெரியும். அறிவிப்பு வராததால் அவன் வென்றவன் ஆகவில்லை, சவாலும் தீராமல் தொங்குகிறது. ஒரு வார்த்தை சொல்லப்படாமல் போனதில் ஒருவன் வாழ்க்கை சரிந்து சாராயத்தில் போய் விழுகிறது.

பிற்பாதியில் படம் தளர்வதற்கு நீளம் மட்டும் காரணமில்லை. சவாலும் தடையும் பேசிய வாய்கள் புத்திமதி பேசத் தொடங்குகின்றன. புத்திமதி சொல்பவர் எதையும் பணயம் வைப்பதில்லை, கேட்பவனும் கட்டுப்பட வேண்டியதில்லை. அதனால் கபிலன் குடித்துக் கிடக்கும் காட்சிகளில் வசனம் கூடக்கூட வேகம் குறைகிறது. தடை போட்ட பாக்கியமே மகனைத் திரும்பச் சண்டைக்குப் போகச் சொல்லும்போதுதான் படம் மறுபடி நிமிர்கிறது. அதை வேறு யார் சொல்லியிருந்தாலும் அவன் எழுந்திருக்க மாட்டான்.